ஊதா மருந்து

சாயத்திலிருந்து எடுத்த பட்டு நூல் கட்டை, சிட்டத்தை, பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு முனையைக் கழியில் மாட்டிப் பிடித்துக்கொள்வார். மற்றவர் மறுமுனையை முறுக்குவார். பிள்ளையார்பாளையத்தில் தேவேந்திரனின் சாயப்பட்டறையில் இருபத்தேழு வருடம் மறுமுனையில் நின்றவள் அவர் மனைவி காவேரி. இரண்டு மாதமாக அங்கே ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. தேவேந்திரனே அதைத் தூணில் அடித்தார்.

காவேரிக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வான்கோழி விடவில்லை.

மகள் சந்தியா கல்யாணமாகி ஒரகடம் போன மறுமாதம், காவேரியின் தம்பி விமல்ராஜ் தென்னேரியிலிருந்து அதைக் குஞ்சாகக் கொண்டுவந்து விட்டுப் போனான். குஞ்சு வளர்ந்து பத்துக் கிலோ சேவலானது. நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நடந்ததால் காவேரி அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள்.

துரை அவள் முன்னால் வாலை விரித்து நிற்கும். இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு அவளைச் சுற்றி வரும். அதன் தலை காலையில் நீலமாக இருக்கும். அவளைப் பார்த்ததும் சிவக்கும். கோபம் வந்தால் வெளுக்கும். முப்பது வருடமாகச் சாயம் போடுகிற தேவேந்திரனுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நிறம் பிடித்தால் நிற்க வேண்டும்.

அவர் காவேரிக்கு அருகில் போனால் துரை பாய்ந்து வந்து முழங்காலில் கொத்தும். காவேரி குறுக்கே நின்று தடுப்பாள். தடுக்கும்போது சிரிப்பாள்.

"சும்மா இருடா துரை. அவரு நம்ம ஆளுதான்."

நம்ம ஆளு என்பதில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேவேந்திரன் யோசித்தார்.

அவள் அதனுடன் பேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டாள். தன்னிடம் அந்தக் கேள்வியை அவள் கடைசியாகக் கேட்டது எப்போது என்று அவருக்கு நினைவு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தியா போன் செய்வாள். "நல்லாருக்கியாப்பா? சரி, துரைகிட்ட போனைக் குடு" என்பாள். விளையாட்டுதான். காவேரி போனைப் பறவையின் காதருகே பிடிப்பாள். அது கடகடவென்று கத்தும். இரண்டு பெண்களும் இரண்டு பக்கமும் சிரிப்பார்கள்.

அடுத்த தெரு பரமசிவம் தறிக்குப் பட்டு வாங்க வருவார். ஒருநாள் கொக்கியைப் பார்த்தார்.

"இன்னாபா, வீட்டுக்காரம்மாவை வேலையிலேருந்து தூக்கிட்டியா?"

"அதுக்கு வேற வேலை இருக்குது."

"வான்கோழிக்குக் கால் அமுக்குதா?"

தேவேந்திரன் சிரித்தார். பரமசிவம் போன பிறகும் அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றது. துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை காவேரி காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். தேவேந்திரன் பரமசிவத்தின் கத்தரிப்பூ நிறத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். செம்பு அண்டாவில் தண்ணீர் கொதி தொடும் நிலையில் இருந்தது. பட்டை இறக்கி, கழியால் சுற்றிவிட ஆரம்பித்திருந்தார். அப்போது முற்றத்தில் நாய்களின் சத்தம் கேட்டது. பிறகு துரையின் சத்தம். வழக்கமான கத்தல் இல்லை.

சாயத்தில் இறங்கிய பட்டைப் பாதியில் விட்டால் திட்டுத் திட்டாகிவிடும். ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். சுற்றினார். பிறகு இன்னொரு சுற்றும் சுற்றினார்.

இரண்டாவது சுற்று தேவையில்லை.

கழியை எடுத்துக்கொண்டு போனபோது இரண்டு நாய்களும் சுவர் தாண்டின. துரை துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் கிடந்தது. முதுகில் உள்ளங்கை அகலம் தோல் கிழிந்து தொங்கியது. இடது இறக்கையின் அடியில் பல் பதிந்த ஓட்டைகள். தலை வெளுத்திருந்தது.

காவேரி குங்குமத்துடன் வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"அண்டாவுல பட்டு இருந்துச்சி."

அவள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த சிட்டங்களைப் பார்த்தாள்.

"பட்டு நல்லா வந்திருக்குது" என்றாள்.

பிறகு பறவையை முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். தேவேந்திரன் பின்னால் போனார்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் இளம்பெண். இருபத்தெட்டு வயது இருக்கும்.

"இது கறிக்கா, வளர்ப்பா?"

"இன்னாம்மா இப்படிக் கேக்குறீங்க? புள்ள மாதிரி" என்றாள் காவேரி.

"அப்படியில்லைம்மா. கறிக்குன்னா சில மருந்து போடக் கூடாது. அதுக்குத்தான்."

டாக்டர் காயத்தைச் சுற்றி இறகுகளை வெட்டினார். ஊசியில்லாத சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் எடுத்துப் பீய்ச்சிக் கழுவினார். மேல்தோலைச் சேர்த்துத் தைத்தார். இறக்கையின் அடியிலிருந்த ஓட்டைகளைத் தைக்கவில்லை. நாய்க்கடியை மூடிவிட்டால் உள்ளே சீழ் வைக்கும் என்றார். நர்ஸ் லில்லி ஊசி போட்டாள். பிறகு டாக்டர் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். ஊதா மருந்து.

"சிவப்பைப் பாத்தா இதுங்க கொத்தும். தன் காயத்தையே கொத்திக்கும். இது சிவப்பை மறைச்சிடும், புண்ணையும் காய வைக்கும். காலையில ஒரு வாட்டி, சாயந்திரம் ஒரு வாட்டி. கழுவிட்டுப் போடுங்க. ஈ உட்கார விடாதீங்க. மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வேணாம். ஒரு ஆள் பிடிச்சிக்கணும், ஒரு ஆள் போடணும். தனியா முடியாது."

தனியா முடியாது என்பதை தேவேந்திரன் கேட்டுக்கொண்டார்.

அன்று மாலை இருவரும் கூடத்தில் பறவையை நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் இறக்கைகளை ஒட்ட அணைத்துப் பிடித்தார். கால்களை முழங்காலால் அடக்கினார். காவேரி முந்தானையை அதன் தலைமேல் போட்டாள். இருட்டானதும் அது அடங்கியது.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க. ஆங், அப்படித்தான். உங்க கை நல்லா அசையாம நிக்குது."

பல மாதத்தில் அவள் அவரைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. தேவேந்திரன் கையை இன்னும் அசையாமல் வைத்தார்.

காலையும் மாலையும் உட்கார்ந்தார்கள். அவள் கழுவும்போது பேசினாள். பால்காரன் தண்ணீர் கலப்பதைப் பற்றி, சந்தியாவின் மாமியாரைப் பற்றி. பறவைக்கு மேலாக அவரைப் பார்த்துப் பேசினாள். அவள் நெற்றி அவர் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வேலை இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. பரமசிவத்தின் பட்டு இரண்டு நாள் தாமதமானது.

ஆனாலும் அவள் பேச்சில் டாக்டர் வந்துகொண்டே இருந்தார்.

"அந்தப் பொண்ணு கை பட்டதும் துரை எப்படி அடங்கிச்சி, பாத்தீங்களா? கைராசி."

"பிடிச்சது நானு."

"நீங்க பிடிச்சீங்க. யாரு வேணும்னாலும் பிடிக்கலாம்."

ஒன்பதாம் நாள் காயத்தின் ஓரம் உலர்ந்து சுருங்கியது. தையலுக்கு இடையில் புதுத்தோல் தெரிந்தது. துரை எழுந்து நின்று கம்பு தின்றது. காவேரி கைதட்டினாள். தேவேந்திரன் காயத்தை உற்றுப் பார்த்தார். இன்னும் நாலைந்து நாள். அதற்குப் பிறகு இந்த உட்காரல் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மருந்து தீர்ந்தது.

"ஒரு வேளைகூட வுடக் கூடாதுன்னாங்க" என்றாள் காவேரி. "கடையில பாருங்களேன்."

அவர் மூன்று மருந்துக் கடைகளுக்குப் போனார். இரண்டில் இல்லை. மூன்றாவதில் நாளைக்கு வரும் என்றார்கள். காலி பாட்டில் சட்டைப் பையில் இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தார். கண்ணாடியின் அடியில் ஒரு துளி ஒட்டியிருந்தது. அதை விரலில் தொட்டார்.

சாயம். இது வெறும் சாயம். இந்த நிறத்தை அவர் எத்தனை ஆயிரம் சிட்டங்களில் ஏற்றியிருப்பார்! இதற்காகவா அந்தப் பெண்ணைக் கைராசி என்கிறாள்?

பின்வாசல் வழியாகப் பட்டறைக்குள் போனார். இரண்டு பொடிகளைக் கலந்தார். ஒரு சொட்டு ஆசிட் விட்டார், நிறம் பிடிக்க. ஆறவைத்தார். பாட்டிலில் மிஞ்சிய துளிக்குப் பக்கத்தில் தன் துளியை வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தார். சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நீலம் சேர்த்தார். மறுபடி பார்த்தார். இரண்டு துளிக்கும் வித்தியாசம் இல்லை. பாட்டிலை நிரப்பி முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போனார்.

"கிடைச்சிதா?"

"கிடைச்சிது."

"எந்தக் கடை?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கம்."

அவள் பஞ்சில் நனைத்துத் தடவினாள். துரை உடம்பை உதறியது. அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அவ்ளோ தூரம் போய் வாங்கியாந்தீங்களா!" என்றாள் காவேரி. அவர் கையைத் தொட்டாள்.

அந்த இரவு தேவேந்திரன் நன்றாகத் தூங்கினார்.

திங்கள் காலையும் தடவினார்கள். மாலையில் காயத்தைச் சுற்றியிருந்த தோல் தடித்திருந்தது. செவ்வாய்க்கிழமை கொப்புளங்கள் வந்தன. காயம் இல்லாத இடத்திலும், ஊதா பட்ட இடமெல்லாம். கொப்புளம் உடைந்து நீர் வழிந்தது. கழுத்தடியில் நல்ல இறகுகள் கையோடு வந்தன. துரை தலையைத் திருப்பித் தன் முதுகையே கொத்தியது. கம்பைத் தொடவில்லை. தலை வெளுத்துத் தொங்கியது.

"அலர்ஜியா இருக்கும்" என்றார் தேவேந்திரன். "சிலதுக்கு மருந்து ஒத்துக்காது."

"ஒன்பது நாள் ஒத்துக்கிச்சே."

காவேரி பறவையைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வெயிலுக்குப் போனாள். குனிந்து முதுகைப் பார்த்தாள். ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு பழைய மருந்து தெறித்துக் காய்ந்திருந்த தன் புடவை ஓரத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க வாங்க."

அவர் வந்தார்.

"இது டாக்டரம்மா குடுத்தது. காய்ஞ்சா மயில் கழுத்து மாதிரி பச்சையா மினுங்குது. இது மினுங்கலை."

அவர் குனிந்து பார்த்தார்.

"ஈரத்துல நிறம் சேக்காத, காய வச்சுப் பாத்து சேக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான்."

"காவேரி."

"இது உங்க கலரு."

துரை அவள் மடியில் அசையாமல் கிடந்தது. அவர் வந்து நின்றதற்கு அது தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அது செத்துடும்" என்றாள் காவேரி. "அதுல இன்னா போட்டீங்கன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். எனக்கு வெக்கமா இருக்குது."

மருத்துவமனையில் அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவர் உள்ளே போனார். இரண்டு பொடிகளின் பெயரையும், எவ்வளவு ஆசிட் என்பதையும் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

"ஏன் சார்?"

"மருந்து தீந்துடுச்சி. உங்களுதும் சாயம்தானேம்மா. தோலும் பட்டு மாதிரிதான், சாயத்தைப் பிடிக்கும்."

"பிடிச்சிக்கிச்சே. பட்டுக்கு எரியாது சார். இதுக்கு எரியும்."

லில்லி தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு பறவையின் முதுகைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

டாக்டர் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் நெடுநேரம் கழுவினார். நிறம் போகவில்லை. செத்த தோலை வெட்டி எடுத்தார். கொப்புளங்களுக்கு ஒரு வெள்ளைக் களிம்பு. அரிப்புக்கு ஒரு ஊசி, சீழுக்கு ஒரு ஊசி. தன் முதுகைக் கொத்தாமல் இருக்க அட்டையில் ஒரு காலர் வெட்டிக் கழுத்தில் மாட்டினார்.

"பத்து நாள் தினம் இட்டுக்கினு வாங்க. வீட்ல ஒண்ணும் போடாதீங்க. தயவுசெஞ்சி ஒண்ணும் போடாதீங்க."

வெளியே காவேரி எழுந்து நின்றாள்.

"இன்னா சொன்னாங்க?"

"பத்து நாள் வரணும்."

"நீங்கதான் இட்டுக்கினு வரணும்" என்றாள். "நான் வரமாட்டேன்."

மறுநாளிலிருந்து தேவேந்திரன் தனியாகப் போனார். துரையைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தார். அட்டைக் காலருக்கு நடுவிலிருந்து தலை நீட்டி அது சாலையைப் பார்த்தது. டிரைவர் பாலாஜி கண்ணாடியில் பார்த்தான்.

"இன்னா சார், மாப்பிள்ளை அழைப்பா?"

இரண்டாம் நாள் "பிரியாணிக்கு நாள் குறிச்சாச்சா?" என்றான். நான்காம் நாள் எதுவும் கேட்காமல் ஓர இருக்கையை ஒதுக்கி வைத்தான். வேட்டிக்குள் அதன் இதயம் அடிப்பது தேவேந்திரனின் தொடையில் தெரிந்தது. அது அவரை இரண்டு முறை கொத்தியது. பிறகு கொத்தவில்லை. ஒப்புக்கொண்டதா, தெம்பில்லையா என்று தெரியவில்லை.

வீட்டில் காவேரி சோறு போட்டாள். துணி துவைத்தாள். பேசவில்லை. பறவையிடம் மட்டும் பேசினாள், அதுவும் அவர் காதில் விழாத அளவுக்கு. ஆனால் அவர் திரும்பி வந்ததும் ஒரு கேள்வி கேட்பாள்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

அதற்கு அவர் பதில் சொல்லலாம். அவ்வளவு நேரம் அவள் அவரைப் பார்ப்பாள். அவர் பதிலை நீட்ட ஆரம்பித்தார். கொப்புளம் எத்தனை வற்றியது, களிம்பை எப்படித் தடவினார்கள், டாக்டர் எந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். ஆட்டோவில் வரும்போதே மனதில் அடுக்கிக்கொண்டு வந்தார். அவள் கேட்டு முடித்ததும் பறவையை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள்.

எட்டாம் நாள் துரை கம்பு தின்றது. ஒன்பதாம் நாள் தலை நீலமானது. பத்தாம் நாள் டாக்டர் காலரைக் கழற்றினார்.

"தோல் மூடிக்கிச்சி. இந்த எடத்துல இறகு மொளைக்காது. ஊதாவும் போவாது. மத்தபடி நல்லாருக்குது. இனிமே வர வேணாம் சார்."

தேவேந்திரன் அங்கேயே நின்றார்.

"போலாம் சார்."

வீட்டில் காவேரி வாசலில் இருந்தாள்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"இன்னும் நாலு நாள் வரச் சொன்னாங்க" என்றார்.

மறுநாள் காலை துரையை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். சர்வதீர்த்தக் குளத்தருகே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பாலாஜி ஒரு பார்வை பார்த்தான். கேட்கவில்லை. குளத்துப் படியில் நிழல் பார்த்து உட்கார்ந்தார். துரை பக்கத்தில் நின்றது. ஒரு மணி நேரம் இருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள். மீனுக்குப் பொரி போட வந்த ஒரு பெண் வான்கோழிக்கும் கொஞ்சம் போட்டாள். அது அவள் முன்னால் வாலை விரித்தது.

"நீ யாரைப் பாத்தாலும் இதைத்தான் செய்வியா?" என்றார் தேவேந்திரன். அதனுடன் அவர் பேசியது அதுதான் முதல்முறை.

வீட்டுக்கு வந்து, டாக்டர் இறக்கையைத் தூக்கிப் பார்த்ததாகச் சொன்னார். காவேரி கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள் எடை பார்த்ததாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை வேட்டியை விரித்தபோது காவேரி வந்து எதிரில் நின்றாள். தலை வாரியிருந்தாள். வெளியே போகும் புடவை கட்டியிருந்தாள்.

"நேத்து மார்க்கெட்டுல லில்லி சிஸ்டரைப் பாத்தேன்" என்றாள். "துரை எப்படி இருக்குது, வைத்தியம் முடிஞ்சதிலேருந்து ரெண்டு நாளா ஆளையே காணோமேன்னாங்க."

அவர் வேட்டியின் முனையைப் பிடித்தபடி குனிந்திருந்தார்.

"குடுங்க. இன்னைக்கு நான் இட்டுக்கினு போறேன்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவள் துரையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது அவள் தோளில் கழுத்தைச் சாய்த்தது. தெருமுனையில் ஆட்டோ நின்றது, ஏறினாள், போய்விட்டாள்.

தேவேந்திரன் பட்டறைக்குப் போனார். அடுப்பை மூட்டினார். பட்டை இறக்கவில்லை. தண்ணீர் கொதித்துப் பாதியானது. குளக்கரைக்குப் போயிருப்பாளா? இரண்டு தெரு தாண்டினால் குளம். போய்ப் பார்க்கலாம். செருப்பை மாட்டினார். கழற்றினார். அவள் என்ன பேசிக்கொண்டிருப்பாள்? தன்னைப் பற்றியா? தன்னைப் பற்றிப் பேசாமல் இருப்பாளோ என்பது அதைவிட மோசமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வந்தாள். முகம் வெயிலில் கறுத்து, தெளிவாக இருந்தது. துரையைக் கீழே விட்டாள். அதன் கால்களில் ஈர மணல் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலும் குளக்கரையிலும் மணல் கிடையாது.

எங்கே போனாய் என்று கேட்க வாயெடுத்தார். அதைக் கேட்க முடியாது.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" என்றார்.

காவேரி குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னும் நாலு நாள் வரச் சொன்னாங்க" என்றாள்.